ஆயா, தாத்தா வீட்டில் வளரும் பிள்ளைகள்: செல்போனிலும் கிரிவலக் கூட்டத்திலும் பாதுகாப்பது எப்படி? சட்டம் தரும் உரிமை என்ன?

அப்பா, அம்மா பெங்களூருவில் கட்டட வேலை. பிள்ளைகள் ஊரில் ஆயா வீட்டில். திருவண்ணாமலை மாவட்டத்தில் பல கிராமங்களில் இதுதான் குடும்ப ஏற்பாடு. பெங்களூரு, சென்னை, திருப்பூர் என்று வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளின் படிப்பு கெடக்கூடாது என்று ஆயா, தாத்தா, பெரியம்மா, சித்தி, மாமா வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளையும் பெரும்பாலும் இந்த உறவுகள்தான் வளர்க்கின்றன.

சாப்பாடு, படிப்பு எல்லாம் பார்த்துக்கொள்ளும் இவர்களுக்கு இரண்டு சந்தேகங்கள் எப்போதும் உண்டு. பிள்ளை கையில் இருக்கும் போனில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. ஏதாவது தப்பு நடந்தால், "பெத்தவங்க இல்லாம நாம போய் புகார் குடுக்க முடியுமா?" என்றும் தெரியவில்லை.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: முடியும். கையில் எந்தப் பேப்பரும் இல்லாவிட்டாலும் முடியும். முழு விவரத்தையும் பார்க்கலாம்.

சுருக்கமாக

• பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்தது தெரிந்தால் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். பெற்றோராக இருக்க வேண்டியதில்லை.

• ஆபத்து பெரும்பாலும் தெரிந்தவர்களிடம் இருந்துதான் வருகிறது.

• போனில் மிரட்டல் வந்தால் பணம் கொடுக்கக் கூடாது. ஆதாரத்தை அழிக்கக் கூடாது. 1930 அல்லது 1098-க்கு அழைக்கலாம்.

• உறவினர் வளர்க்கும் பிள்ளைகளுக்கு மாத உதவித்தொகைத் திட்டங்கள் இருக்கின்றன.

சாக்லேட் கொடுத்ததால் போன உயிர்

பிள்ளைகள் பாதுகாப்பு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 'பிள்ளை பிடிக்கிறவங்க'தான். இந்தப் பயம் எவ்வளவு தூரம் போகும் என்பதை இந்த மாவட்டமே பார்த்திருக்கிறது.

2018-ல் குழந்தைக் கடத்தல் கும்பல் சுற்றுகிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்திகள் பரவின. அந்த ஆண்டு மே 9-ம் தேதி, சென்னையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் உறவினர்களுடன் காரில் குலதெய்வக் கோயிலுக்கு வந்தார். போளூர் அருகே அத்திமூர் பகுதியில் வழி கேட்க நின்றபோது, அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கடத்த வந்தவர்கள் என்று நினைத்து ஒரு கும்பல் அவர்களை அடித்தது. மூதாட்டி உயிரிழந்தார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தனர்.

அதே ஆண்டு நாட்டின் பல மாநிலங்களில் இதுபோன்ற கொலைகள் நடந்த பிறகு, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்த ஒரு ஃபார்வர்ட், பேரப் பிள்ளைகள் வயதில் இருந்த குழந்தைகளிடம் அன்பு காட்டிய ஒருவரின் உயிரை எடுத்தது. 'கடத்தல் கும்பல்' என்று செய்தி வந்தால் அனுப்புவதற்கு முன்பு 112-க்கு அழைத்துக் கேட்பதுதான் சரி.

அப்படியென்றால் ஆபத்து எங்கே?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பார்த்தால், போக்சோ சட்டப்படி பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர். பக்கத்து வீட்டுக்காரர், உறவினர், குடும்ப நண்பர், போனில் பழகியவர் என்று இந்தப் பட்டியல் போகும்.

"தெரியாதவங்க கிட்ட பேசாத" என்று மட்டும் சொல்லி வளர்த்தால், தெரிந்தவர் தப்பாக நடக்கும்போது பிள்ளைக்கு என்ன செய்வது என்றே தெரியாது. ஆள் யார் என்பதை விட, அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மூன்று விஷயங்கள் போதும்:

• உள்ளாடை மறைக்கும் இடத்தை யாரும் தொடக் கூடாது, பார்க்கக் கூடாது, போட்டோ கேட்கக் கூடாது. மாமா, அண்ணன், சார் என்று யாராக இருந்தாலும் இதே விதிதான்.

• "யார் கிட்டயும் சொல்லாத" என்று ஒருவர் சொன்னால், அதை உடனே வீட்டில் சொல்லிவிட வேண்டும்.

• சொன்னால் திட்டு விழாது, அடி விழாது, போனைப் பிடுங்க மாட்டோம்.

மூன்றாவதுதான் முக்கியம். அதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டமும். பல பிள்ளைகள் மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருப்பதற்கு இந்தப் பயமே காரணம். ஆயா வீட்டில் வளரும் பிள்ளைக்கு இன்னொரு பயமும் சேர்ந்துகொள்ளும். "நான் சொன்னா ஆயாவுக்கு அசிங்கம், அப்பாவுக்குத் தெரிஞ்சா சண்டை, என்னை வேற எங்கயாவது அனுப்பிடுவாங்க" என்று அது யோசிக்கும். "என்ன ஆனாலும் நீ இங்கதான் இருப்ப" என்ற வார்த்தையை அந்தப் பிள்ளை அடிக்கடி கேட்க வேண்டும்.

திடீரென்று ஒருவர் வீட்டுக்குப் போக மறுப்பது, காரணம் இல்லாமல் வயிற்று வலி, படுக்கையில் சிறுநீர் போவது, பெரியவர்கள் வந்ததும் போனை மறைப்பது, கையில் புதுப் பொருள் அல்லது பணம், யாரோ போட்ட ரீசார்ஜ் ஆகியவற்றைக் கவனியுங்கள். இதில் ஒன்று இருந்தாலே தப்பு நடந்தது என்று முடிவுக்கு வர வேண்டாம். உட்காரவைத்து நிதானமாகப் பேச வேண்டிய நேரம் அது.

ஒரே போன், இரண்டு பேர்

இந்த வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன். அதில்தான் ஆயாவின் வங்கிக் கணக்கு, மகளிர் உரிமைத் தொகை வந்த மெசேஜ், பள்ளி வாட்ஸ்அப் குரூப், பேரனின் கேம், பேத்தியின் ரீல்ஸ் எல்லாம் இருக்கும். ஆயாவுக்கு செட்டிங்ஸ் தெரியாது, பிள்ளைக்கு எல்லாம் தெரியும். அதற்காகப் பயப்பட வேண்டாம். கீழே உள்ளவற்றைப் பெற்றோர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது அரை மணி நேரத்தில் செய்துவிடலாம்.

1. யுபிஐ பின் பிள்ளைக்குத் தெரியக் கூடாது. போனைத் திறக்கும் எண்ணும் யுபிஐ பின்னும் ஒன்றாக இருக்க வேண்டாம். ஓடிபி வந்தால் யாருக்கும் சொல்லக் கூடாது என்பதை ஆயா, பிள்ளை இருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

2. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், குரூப்பில் சேர்க்கும் அனுமதியை 'என் தொடர்புகள்' என்று மாற்றுங்கள். தெரியாத எண்ணில் இருந்து வரும் அழைப்புகளை சத்தமில்லாமல் ஆக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது.

3. யூடியூப்பில் 'ரெஸ்ட்ரிக்டட் மோட்' ஆன் செய்யுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு யூடியூப் கிட்ஸ் ஆப் தனியாக இருக்கிறது.

4. பிள்ளைக்குத் தனி போன் இருந்தால், கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' ஆப் மிகவும் பயன்படும். அப்பா பெங்களூருவில் இருந்தபடியே எந்த ஆப் இறக்கலாம், இரவு எத்தனை மணிக்கு போன் லாக் ஆக வேண்டும் என்று முடிவு செய்யலாம். போன் எங்கே இருக்கிறது என்றும் பார்க்கலாம். இதனால், "போனை வை" என்று தினமும் சண்டை போடும் வேலை ஆயாவுக்குக் குறையும்.

5. இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் இரண்டுக்கும் குறைந்தபட்ச வயது 13. இன்ஸ்டாகிராமில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 'டீன் அக்கவுன்ட்' முறை இருக்கிறது. அது தானாகவே பிரைவேட் கணக்காக இருக்கும். பிறந்த ஆண்டைப் பொய்யாகப் போட்டால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. பிள்ளை எந்த ஆண்டைப் போட்டிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

6. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்திய சட்டம் தடை செய்துவிட்டது. 'ஆடி ஜெயிச்சா பணம்' என்று லிங்க் வந்தால் அது சட்டவிரோதம், அல்லது மோசடி.

செட்டிங்ஸை விடப் பெரிய பாதுகாப்பு ஒன்று உண்டு. போன் நடுக்கூடத்தில் இருக்கட்டும், படுக்கைக்குப் போக வேண்டாம். போன் தெரியாத தாத்தாகூட இந்த விதியைப் போடலாம்.

"போட்டோவை வெளியிட்டுடுவேன்" என்று மிரட்டினால்?

கேமிலோ இன்ஸ்டாகிராமிலோ பழகி, பேச்சுக் கொடுத்து, படம் ஒன்றை வாங்கிக்கொண்டு பிறகு மிரட்டுவது இன்று பரவலாக நடக்கும் குற்றம். உண்மையான படமே தேவையில்லை. முகத்தை ஒட்டி ஏஐ மூலம் போலிப் படம் செய்தும் மிரட்டுகிறார்கள். போக்சோ சட்டத்தின் 11-வது பிரிவு, போலியாகச் செய்த படத்தைக் காட்டி மிரட்டுவதையும் குற்றமாகத்தான் சொல்கிறது.

• பணம் அனுப்பாதீங்க. ஒருமுறை கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள்.

• சாட்டை அழிக்காதீங்க. மிரட்டியவரின் பெயர், ஐடி, எண், பேச்சு ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, பிறகு பிளாக் செய்யுங்கள்.

• பிள்ளையின் ஆபாசப் படத்தை "ஆதாரம்" என்று சொல்லி உறவினர் யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீங்க. அதுவே குற்றமாகிவிடும். போனை அப்படியே போலீஸிடம் காட்டுங்கள்.

• 1930 எண்ணிலோ, மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ புகார் கொடுக்கலாம். குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படங்கள் பற்றி அந்தத் தளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் செய்ய முடியும்.

• படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது. 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கானது. படம் போனை விட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் அடையாளம் மட்டும் இந்தச் சேவையில் சேர்ந்துள்ள நிறுவனங்களுக்குப் போகும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் இதில் இருக்கின்றன.

இந்த விஷயத்தில் சட்டம் எவ்வளவு கடுமை என்பதற்கு சென்னை வழக்கு ஒன்று உதாரணம். குழந்தைகளின் ஆபாசப் படத்தை போனில் வைத்திருந்த ஒருவர் மீதான வழக்கை 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. புகார் செய்யாமல், அழிக்காமல் பகிரும் நோக்கத்தோடு வைத்திருந்தாலே போக்சோ சட்டப்படி குற்றம் என்று சொன்னது.

"போன் பேசுறா, கட்டிக் குடுத்துடலாம்"

பேத்திக்குப் போனில் ஒரு பழக்கம் என்று தெரிந்ததும், பொறுப்பைச் சுமக்கும் ஆயா, மாமாவுக்கு வரும் முதல் யோசனை பெரும்பாலும் இதுதான். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுக் கல்யாண ஏற்பாடு தொடங்கும். பெண்ணுக்கு 18 வயது ஆகாமல் கல்யாணம் செய்வது 2006-ம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். நடத்தி வைப்பவர்களுக்கு 2 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருக்கும் உறவினரையும் சட்டம் விடாது.

அதை விடப் பெரிய நஷ்டம் வேறு. "சொன்னா கல்யாணம் பண்ணி வெச்சிடுவாங்க" என்று பயப்படும் பெண், மிரட்டுகிறவன் கேட்பதை எல்லாம் செய்துகொண்டே இருப்பாள்.

கிரிவலம், தீபம்: கூட்டத்தில் கைவிட்டுப் போனால்?

14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை பௌர்ணமி இரவில் நிரம்பி வழியும். கார்த்திகை தீபத்தன்று சொல்லவே வேண்டாம். தீபத் திருவிழாவில் குழந்தைகளின் கையில் போன் எண் எழுதிய பட்டையைக் காவல்துறை கட்டிவிடுவது சில ஆண்டுகளாக நடக்கிறது.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். பட்டையில் பெங்களூருவில் இருக்கும் அப்பா எண்ணை மட்டும் எழுதினால் பயனில்லை. கூட்டத்தில் கூட வந்திருக்கும் ஆயா அல்லது மாமாவின் எண் முதலில் இருக்க வேண்டும். கூட்டத்தில் சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதால் இரண்டாவது எண் ஒன்றும் தேவை. பிள்ளையின் பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை யாரையும் நம்பிவிடும்.

• கிளம்பும் முன்பு பிள்ளையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று என்ன சட்டை என்று பதற்றத்தில் ஞாபகம் வராது.

• கோயிலுக்குள் போகும் முன்பு கோபுரத்தின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். கிழக்கே ராஜகோபுரம், தெற்கே திருமஞ்சன கோபுரம், மேற்கே பேய் கோபுரம், வடக்கே அம்மணி அம்மன் கோபுரம். "காணாம போனா ராஜகோபுரத்துக்கிட்ட நிக்கற போலீஸ்கிட்ட போ" என்று ஒரு இடத்தை முடிவு செய்துவிடுங்கள்.

• பாதையில் இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தாண்டும்போது பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். "கடைசியா எந்த லிங்கம் பார்த்த?" என்ற கேள்விக்குப் பிள்ளை பதில் சொன்னால், தேடும் தூரம் 14 கிலோமீட்டரில் இருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டராகக் குறையும்.

• கூட்டத்தில் இருக்கும்போதே பிள்ளையின் படத்தை ஸ்டேட்டஸ் போட வேண்டாம். வீட்டுக்குப் போய்ப் போடலாம்.

காணவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. காணாமல் போன குழந்தை பற்றிய புகாரில் உடனே எஃப்.ஐ.ஆர் போட வேண்டும் என்று 2013 மே மாதத்திலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

பிள்ளை வந்து சொன்னால் என்ன செய்ய வேண்டும்?

முதல் வார்த்தை முக்கியம். "நீ சொன்னது நல்லது. உன் மேல தப்பு இல்ல. நான் பாத்துக்கறேன்." இவ்வளவு போதும். "அப்பவே ஏன் சொல்லல?", "நீ ஏன் அங்க போன?" போன்ற கேள்விகள் வேண்டாம். திரும்பத் திரும்ப விசாரிக்க வேண்டாம். சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து பேச வேண்டாம்.

பாலியல் வன்கொடுமை என்றால் அன்று போட்ட துணியைத் துவைக்காமல் ஒரு காகிதப் பையில் வைத்து, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எஃப்.ஐ.ஆர் இருந்தால்தான் பார்ப்போம் என்று மருத்துவமனை சொல்ல முடியாது. சிகிச்சை இலவசம். கர்ப்பம், எச்ஐவி தடுப்பு மருந்துகள் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டியவை என்பதால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

பிறகு புகார். 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு "எந்த நபரும்" புகார் கொடுக்கலாம் என்கிறது. ஆயா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், டீச்சர், அந்தப் பிள்ளையே கூடக் கொடுக்கலாம். தெரிந்தும் மறைத்தால் 21-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை பார்த்துத் திருப்பி அனுப்பக் கூடாது.

சட்டம் தரும் மற்ற பாதுகாப்புகள்:

• பிள்ளையின் வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். இயன்றவரை எஸ்.ஐ பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வர வேண்டும்.

• அப்போது பெற்றோர் அல்லது பிள்ளை நம்பும் ஒருவர் கூட இருக்கலாம். அந்த ஒருவர் ஆயாவாக இருக்கலாம்.

• இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

• பெண் பிள்ளையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும்.

• பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது.

செய்தவர் அதே வீட்டில் இருந்தால்?

குடும்பங்கள் உடைந்து போகும் இடம் இதுதான். செய்தவர் சம்பாதித்துப் போடும் மாமாவாகவோ சித்தப்பாவாகவோ இருந்தால், "வெளிய சொன்னா யாரு சோறு போடுவா?" என்ற கேள்வி ஆயாவின் வாயை அடைத்துவிடும்.

இந்த நிலையில் போலீஸ், 24 மணி நேரத்துக்குள் விஷயத்தை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் கொண்டுபோக வேண்டும். பிள்ளை அந்த வீட்டில் இருக்கலாமா, வேறு உறவினரிடம் இருக்கலாமா என்று குழு 3 நாளுக்குள் முடிவு செய்யும். பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கும். வழக்கு முடியும் வரை கூடவே இருக்க 'ஆதரவு நபர்' ஒருவரை நியமிக்கலாம். இடைக்கால இழப்பீடும் கேட்கலாம்.

"புகார் குடுத்தா புள்ளைய ஹோமுக்கு அனுப்பிடுவாங்களே" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம், காப்பகத்தைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறது. நிஜத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரைக் குழு பாதுகாவலராக ஏற்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

பேப்பர், உதவித்தொகை

பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை ஆகியவற்றின் நகல் வளர்ப்பவர் கையில் இருக்க வேண்டும். பள்ளிப் பதிவேட்டில் வளர்ப்பவரின் போன் எண் இருக்கிறதா, பிள்ளையை யார் யார் அழைத்துப் போகலாம் என்று எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். பெற்றோர் இருவரும் இல்லாமல், சொத்து தொடர்பான விஷயம் இருந்தால் 1890-ம் ஆண்டு பாதுகாவலர் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் உத்தரவு வாங்க வேண்டும். போலீஸ் புகாருக்கு இந்த உத்தரவு தேவையில்லை.

• மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவு: மாதம் 4,000 ரூபாய். உறவினர் வீட்டில் வளரும் ஆதரவற்ற பிள்ளைகள், கணவரை இழந்த தாயின் பிள்ளைகள் உள்ளிட்டோருக்கு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

• அன்புக் கரங்கள்: தமிழக அரசு 2025 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகள், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகள் போன்றோருக்கு 18 வயது வரை பள்ளிப் படிப்புக்காக மாதம் 2,000 ரூபாய்.

• கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 3,000 ரூபாய் என்று தமிழக அரசு 2021 மே மாதம் அறிவித்தது.

இவற்றைப் பற்றி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கலாம். கையில் கொஞ்சம் பணம் வருகிறது என்றால், சம்பாதிப்பவரின் தப்பை மூடி மறைக்க வேண்டிய கட்டாயமும் குறையும்.

போனில் பதிந்துவைக்க வேண்டிய எண்கள்

1098 – குழந்தைகள் உதவி எண், 24 மணி நேரமும், இலவசம்

112 – போலீஸ், அவசர உதவி

1930 – சைபர் குற்றம், ஆன்லைன் பண மோசடி

14417 – பள்ளிக் கல்வித்துறை உதவி எண். பள்ளியில் நடக்கும் தொல்லை பற்றியும் சொல்லலாம்

181 – பெண்கள் உதவி எண்

14416 – மனநல ஆலோசனை

படிக்கத் தெரியாத ஆயாவாக இருந்தால், 1098-ஐ மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும். பத்து, ஒன்பது, எட்டு. பிள்ளைக்கும் அதே எண்ணைச் சொல்லிக் கொடுங்கள். வீட்டில் சொல்ல முடியாத விஷயத்தை அந்தப் பிள்ளை அங்கே சொல்லலாம்.